கடலுக்கும் கட்டிலுக்கும் நடுவே

1690-ம் வருஷம், செப்டம்பர் மாதம். கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம். கெடிலம் நதி கடலில் கலக்கிற இடத்தில் ஒரு சின்னக் கோட்டை. அங்கே ஒரு பீரங்கியைத் துடைத்து, மருந்து கெட்டித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் மேலேயும் சண்டை இல்லை. நிலம் அளக்கப் போகிறார்கள்!

விஷயம் இதுதான். அப்போது செஞ்சியில் இருந்தவர் ராஜாராம்... மாவீரன் சிவாஜியின் இளைய மகன். வாசலில் மொகலாயப் படை. கையில் காசு இல்லை. தேவனாம்பட்டினம் கோட்டையை விற்றுவிட முடிவு செய்தார். வாங்க வந்தது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். (ஆமாம், பின்னாளில் அமெரிக்க யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே மனுஷன்தான்!) 'கோட்டை சரி, சுற்றியுள்ள நிலம் எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் ஒரு வினோதமான பதில் இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும். குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்.

கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? இருப்பதிலேயே நல்ல பீரங்கியைப் பார்த்து சென்னையிலிருந்து அனுப்பி வைத்தார்கள். குண்டைத் தூரமாகத் தள்ளுவது பீரங்கிக்காரனின் சாமர்த்தியம் என்று குறிப்பு வேறு. மேற்கே, வடக்கே, தெற்கே என்று சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் ஒரே நாளில் வெள்ளைக்காரன் ஊர்களாகிவிட்டன. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். கடலூரில் இன்றைக்கும் 'குண்டு உப்பலவாடி' என்று ஓர் ஊர் இருக்கிறது. வாங்கிய கோட்டைக்கு 'செயின்ட் டேவிட்' என்று பெயர் வைத்தார் யேல்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கிழக்குப் பக்கம் சுட்டு யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தப் பக்கம் கடல். நிலம் என்றால் உள்ளே இருப்பது. கடலோரம் என்பது நிலத்தின் முடிவு, அவ்வளவுதான். அதற்குத் தனியாக மதிப்பு எதுவும் கிடையாது.

இன்றைக்கு? கலர் விளம்பரங்களைப் பாருங்கள். ஜன்னலைத் திறந்தால் கடல், படியில் கால் வைத்தால் மணல் என்று எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வாடகை. அதிலும் சமீபகாலமாக ஒரு புது வகை வந்திருக்கிறது. 'இயற்கையோடு இணைந்த சொகுசு' என்று அதற்குப் பெயர். மொட்டை மாடியில் சூரிய மின்தகடு இருக்கும். பிளாஸ்டிக் பாட்டில் இருக்காது. 'டவலைத் தரையில் போட்டால்தான் துவைப்போம். கொக்கியில் மாட்டினால் பூமிக்கு நல்லது' என்று குளியலறையில் ஓர் அட்டை தொங்கும். மத்தியதரைக் கடல் தீவுகளில் இந்த வகை விடுதிகள் ஏராளம். கையில் காசு இருக்கிற நம்மூர்க்காரர்களும் இப்போது அங்கே போய் நாலு நாள் தங்கிவிட்டு வருகிறார்கள்.

அந்தத் தீவுகளிலும் கடலோரத்துக்கு ஒரு காலத்தில் மதிப்பு கிடையாது என்பதுதான் வேடிக்கை. இத்தாலிக்குச் சொந்தமான சார்டீனியாவை எடுத்துக்கொள்வோம். பல நூற்றாண்டுகள் அந்தத் தீவு மக்கள் கடற்கரையைக் கண்டாலே பயந்தார்கள். ஒரு பக்கம் கடற்கொள்ளையர். மறுபக்கம், கரையோரச் சதுப்புகளிலிருந்து கிளம்பிய மலேரியா. அதனால் உள்ளே தள்ளி, மேட்டில் ஊர் கட்டிக்கொண்டார்கள். மலையடிவார மேய்ச்சல் நிலத்தை மகன்களுக்கு எழுதிவைத்துவிட்டு, ஒன்றுக்கும் ஆகாத கடலோரப் பாறைக்காட்டை மகள்களுக்குத் தள்ளிவிடுவார்களாம். அங்கே அப்படி ஒரு பேச்சு இன்றும் உண்டு.

1946 முதல் 1950 வரை, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு தீவு முழுக்க டி.டி.டி. அடித்தார்கள். மலேரியா ஒழிந்தது. 1962-ல் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான இளவரசர் ஆகா கான் சிலரைச் சேர்த்துக்கொண்டு வடகிழக்குக் கடற்கரையை வளைத்து வாங்கினார். உலகக் கோடீஸ்வரர்களுக்கு 'கோஸ்டா ஸ்மெரால்டா' - அதாவது 'மரகதக் கடற்கரை' - தயார்! மகள்களுக்கு யோகம் அடித்தது.

ஆகா கான் கொஞ்சம் யோசித்துத்தான் செய்தார். உயரமான கட்டடம் கூடாது, விளம்பரப் பலகை கூடாது, மின்கம்பி வெளியே தெரியக்கூடாது, அந்த மண்ணின் செடிகொடிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஏகப்பட்ட விதிகள். 'இயற்கையோடு இணைந்த சொகுசு' என்ற இன்றைய ஃபேஷனுக்கு ஒரு தாத்தா உண்டென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால், தாத்தாவைப் பார்த்து மற்றவர்களும் கட்ட ஆரம்பித்தார்கள். எல்லோரும் அவ்வளவு யோசிக்கவில்லை. கடைசியில், 2004 நவம்பர் 25-ம் தேதி, சார்டீனிய அரசு ஒரு சட்டம் போட்டது. கடலிலிருந்து 2 கிலோமீட்டர் வரை புதுக் கட்டடம் எதுவும் எழுப்பக் கூடாது, முறையான திட்டம் தயாராகும்வரை இது அமலில் இருக்கும் என்று! ரியல் எஸ்டேட்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து கடலூரில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் கம்பெனி துரைமார்கள். கோட்டையை வாங்கியாகிவிட்டது. கவர்னர் எங்கே தங்கினார்? கோட்டைக்குள் புழுக்கம், நெரிசல், சிப்பாய்களின் சத்தம். அதனால் மேற்கே உள்ளே தள்ளி, மஞ்சக்குப்பம் பக்கம், மரங்களுக்கு நடுவே ஒரு மாளிகை கட்டிக்கொண்டார்கள். 'கார்டன் ஹவுஸ்' என்று அதற்குப் பெயர். கடற்காற்று வரும், கடல் வராது! கவனியுங்கள்... மூன்று பக்கமும் பீரங்கியால் சுட்டு வளைத்த இவ்வளவு நிலத்தில், எங்கே வேண்டுமானாலும் வீடு கட்டியிருக்கலாம். அலை தொடும் தூரத்தில் கட்டவில்லை.

ஐரோப்பாவிலேயே அப்போது கடலைப் பார்த்து வீடு கட்டுகிற பழக்கம் வந்திருக்கவில்லை. 1750-ல்தான் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில டாக்டர், 'கடல்நீரில் குளியுங்கள், குடிக்கவும் செய்யுங்கள், வியாதி தீரும்' என்று லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். சும்மா கிடந்த பிரைட்டன் என்ற மீனவ கிராமம் அதற்கப்புறம்தான் சீமான்கள் படையெடுக்கும் ஊராக மாறியது. அதற்கு முன்னால் அந்த ஊர் மீனவர்கள் வீட்டையே கடலுக்கு முதுகைக் காட்டித்தான் கட்டியிருந்தார்கள். நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டுக்கு வந்தும் அதன் முகத்திலா விழிக்க வேண்டும்?

1746 செப்டம்பரில் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மாறுவேஷத்தில் தப்பி வந்தவர்களில் ஒருவர் கம்பெனியின் இளம் குமாஸ்தா... பெயர் ராபர்ட் கிளைவ். வந்து சேர்ந்த இடம் தேவனாம்பட்டினம். அதிலிருந்து 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர்களின் தலைநகரமே கடலூர்தான். அதாவது, கார்டன் ஹவுஸ்தான் அன்றைக்கு ராஜ்பவன்!

அதே வருஷம் டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படை கிளம்பி வந்தது. (புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை நாள் தவறாமல் டைரி எழுதிக்கொண்டிருந்த காலம் அது.) பெண்ணையாற்றைத் தாண்டி, கார்டன் ஹவுஸைப் பிடித்தும்விட்டார்கள். ராத்திரி முழுக்க நடந்து வந்த களைப்பு. எதிரில் அழகான தோட்டம், நல்ல நிழல். ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். அடுப்பு மூட்டினார்கள். சிப்பாய்கள் ஆளுக்கொரு பக்கம் கலைந்து போனார்கள். கோட்டை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, ஆங்கிலேயருக்கு உதவியாக ஆற்காடு நவாபின் படை வருவதாகக் கூச்சல். அவ்வளவுதான்... அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆற்றைப் பார்த்து ஓட்டம்! ரிசார்ட்டுக்குப் போனால் வேலை கெட்டுப்போகும் என்பதற்கு நம் ஜில்லாவிலேயே கிடைக்கிற பழைய உதாரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, கடலோரத்தில் நின்றவை என்ன ஆயின? 1749 ஏப்ரலில் ஒரு புயல். அட்மிரல் பொஸ்காவனின் கொடிக்கப்பல் 'நாமூர்' தேவனாம்பட்டினத்துக்கு அருகே நொறுங்கியது. 520 பேர் மூழ்கிப்போனார்கள். அட்மிரல் அன்றைக்குக் கரையில் இருந்ததால் பிழைத்தார். உடம்பு சரியில்லாமல் கரையில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாலுமிகளும் பிழைத்தார்கள். 'பெம்ப்ரோக்' என்ற இன்னொரு போர்க்கப்பலும் அதே புயலில் போயிற்று. கொள்ளிடத்து முகத்துவாரத்தில் இருந்த தேவிகோட்டையைப் பிடிக்கக் கால்நடையாகப் போன படையும், பரங்கிப்பேட்டை பக்கத்தில் இதே புயலில் மாட்டிக்கொண்டு திணறியது.

கோட்டைக்கு ஆயுசு அதிகம் இல்லை. 1756 ஜூனில் கிளைவ் அதே இடத்துக்குக் கவர்னராகவே வந்தார். அதே மாதம் கல்கத்தா கம்பெனியின் கையை விட்டுப் போக, அவரை வங்காளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிளாசியில் அவர் ஜெயித்த கதை உங்களுக்குத் தெரியும். 1758 ஜூன் 2-ம் தேதி பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் செயின்ட் டேவிட் கோட்டை விழுந்தது. லாலி அதைத் தரைமட்டமாக்கினார். இப்போது போய்ப் பார்த்தால் புதர்களுக்கு நடுவே சில சுவர்த் துண்டுகள் தெரியும். கார்டன் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது. பின்னாளில் அது மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் குடியிருக்கிற பங்களாவின் பெயராக ஆனது.

துரைமார்களை விடுங்கள். நம்ம சாமிகள் கடலுக்குப் போகிற விதத்தைப் பாருங்கள்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாது. சுற்று வட்டாரத்துக் கோயில்களிலிருந்து உற்சவமூர்த்திகள் பல்லக்கிலும் டிராக்டரிலும் வந்து சேரும். தீர்த்தவாரி நடக்கும். முடிந்ததும் ஊர் திரும்பும். தெற்கே சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளை. அங்கே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகசுவாமி வருவார். மேற்கே ரொம்ப தூரத்திலிருந்து, வழியெல்லாம் ஊர் ஊராகத் தங்கித் தங்கி வருகிற பயணம் அது. தைக்கால் என்ற ஊரில் இஸ்லாமியர்கள் எதிர்கொண்டு அழைத்து மரியாதை செய்வார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது, இன்றும் நடக்கிறது. சாமி கடலில் இறங்குகிற ஊருக்குப் பெயரே முழுக்குத்துறை! அங்கே முழுக்குப் போட்டுவிட்டு, பூவராகர் கிளம்பிவிடுவார். கடலோரத்தில் நிரந்தரமாக அறை போடவில்லை.

அப்போது கரையிலேயே யாரும் இல்லையா? இருந்தார்கள். மீனவர்கள். அவர்களுக்கு வேறு வழி கிடையாது. படகு அங்கேதான், வலை அங்கேதான், கடலின் நிறத்தைப் பார்த்துத்தான் அன்றைய பிழைப்பு. ஆனால், அவர்கள் கட்டியது ஓலைக் குடிசை. புயலில் போனால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேடும் தாழம்புதரும் இருந்தன. அந்த மேட்டை மட்டமாக்கினால் கடல் நன்றாகத் தெரியும் என்ற யோசனை அவர்களுக்கு வரவில்லை. பிற்பாடு வந்தவர்களுக்குத்தான் வந்தது.

இந்தக் கரையில் இன்னொரு பெரிய தடுப்பு இருந்தது. அதன் பெயரைத்தான் சிதம்பரம் இன்றும் தாங்கிக்கொண்டிருக்கிறது... தில்லை!

தில்லை என்பது ஒரு மரம். சிதம்பரம் கோயிலின் தலவிருட்சம். தில்லை வனத்தில்தான் பதஞ்சலியும் புலிக்கால் முனிவரும் நடராஜரின் ஆட்டத்துக்காகத் தவம் கிடந்தார்கள் என்பது புராணம். ஆனால், சிதம்பரம் நகரத்துக்குள் தில்லை வனத்தைத் தேடினால் கிடைக்காது. கிழக்கே கடலைப் பார்த்துப் போக வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, உப்பங்கழியில், சின்னச் சின்னத் திட்டுகளாக 1,100 ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடக்கிறதே பிச்சாவரம் காடு... அங்கே இருக்கிறது. காரணம், அது சதுப்பு நிலத்து மரம். பட்டையைக் கீறினால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உலகம் முழுக்க அதற்கு 'கண்ணைக் குருடாக்கும் மரம்' என்றுதான் பெயர்.

தில்லை, சுரபுன்னை, வெண்கண்டல்... இவையெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்கப் பழகியவை. சுரபுன்னை தன் கிளைகளிலிருந்து ஊன்றுகோல் மாதிரி வேர்களை இறக்கிச் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். கண்டல், மூச்சு விடுவதற்காகவே பென்சில் பென்சிலாகச் சேற்றுக்கு மேலே வேர் நீட்டும். அந்த வேர்க்காட்டுக்குள் இறாலும் மீனும் நண்டும் குஞ்சு பொரித்து வளரும். அங்கே வாழும் இருளர்கள் தண்ணீருக்குள் கையால் தடவியே இறால் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். வலைகூட வேண்டாம்!

1975-ல் 'இதயக்கனி' படப்பிடிப்புக்காக எம்.ஜி.ஆர். இங்கே வந்தார். துடுப்புப் படகு, பச்சைச் சுரங்கம் மாதிரி வாய்க்கால், நடுவில் புரட்சித் தலைவர் என்று தமிழ்நாடு பார்த்து அசந்துபோனது. கடலோரத்தில் இருந்த ஒரு மணல் திட்டுக்கு 'எம்.ஜி.ஆர். திட்டு' என்று பெயரே நிலைத்துவிட்டது. அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்ந்தன.

படத்தில் பச்சையாகத் தெரிந்த காடு அப்போது பாதி செத்துக்கொண்டிருந்தது என்பது தியேட்டரில் விசிலடித்தவர்கள் யாருக்கும் தெரியாது.

பிரிட்டிஷ் காலத்திலிருந்தே இந்தக் காட்டை விறகுக்காக முறை வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் ஒரு பகுதியை மொட்டையடிப்பது, அடுத்த வருஷம் அடுத்த பகுதி. 'வெட்டிய இடம் தானாக வளர்ந்துகொள்ளும், சுற்றி வருவதற்குள் காடு ரெடியாகிவிடும்' என்பது கணக்கு. அன்றைய பாஷையில் இதுவும் விஞ்ஞான முறைப்படி காட்டைக் காப்பாற்றுவதுதான்! 1970-கள் வரை நடந்தது. ஆனால், மலைக்காட்டுக் கணக்கு சதுப்பில் பலிக்கவில்லை. நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து, சுருங்கி, நடுவில் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்தண்ணீர் குழியில் தேங்கியது. திரும்பிப் போக வழியில்லை. தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. வருஷா வருஷம் உப்பு ஏறி ஏறி, கண்டல் செடிகூட முளைக்காத பொட்டலாகிவிட்டது. பழி யார் மேல் விழுந்தது? மாடு மேய்த்தவர்கள் மேல், சுள்ளி பொறுக்கிய ஏழைகள் மேல்.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து மண்ணையும் தண்ணீரையும் அளந்து பார்த்து, உண்மைக் காரணத்தைச் சொன்னார்கள். வைத்தியம் ரொம்ப எளிமையானது. தேங்கிய குழியிலிருந்து இயற்கை ஓடைக்கு ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது புதுத் தண்ணீர் உள்ளே வரும்; இறங்கும்போது உப்பை அள்ளிக்கொண்டு போகும். வாய்க்கால் சரிவில் கன்றுகளை நட்டார்கள். வனத்துறையும், இத்தனை நாள் பழி சுமந்த அதே கிராமத்து மக்களும் சேர்ந்து மண் வெட்டி, நட்டு, காவல் காத்தார்கள். 1986-ன் செயற்கைக்கோள் படத்தையும் 2002-ன் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, காட்டின் பரப்பு ஏறக்குறைய 90 சதவிகிதம் கூடியிருந்தது.

பரீட்சை சீக்கிரமே வந்துவிட்டது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை.

கடலூர் மாவட்டத்தில் மட்டும் சுமார் 600 பேர் இறந்தார்கள். தேவனாம்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்தது. எம்.ஜி.ஆர். திட்டு மீனவர் குடியிருப்பு அழிந்தது. தப்பியவர்கள் திரும்பவும் அங்கே குடியேறவில்லை. அந்தத் திட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எதுவுமே கிடையாது. ஆனால், பிச்சாவரம் காட்டுக்கு மறுபக்கம் இருந்த வடக்கு பிச்சாவரம், டி.எஸ்.பேட்டை போன்ற ஊர்களில் சேதம் மிகக் குறைவு. 2005-ல் உலகப் புகழ்பெற்ற 'சயின்ஸ்' ஆராய்ச்சி இதழில் இந்தக் கடலூர்க் கரையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மரங்கள் அடர்ந்து நின்ற இடங்களுக்குப் பின்னால் பாதிப்பு குறைவு என்று படம் போட்டுக் காட்டினார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசன், தன் சக ஆய்வாளரோடு 18 குப்பங்களை ஆராய்ந்து அதே முடிவைச் சொன்னார்.

உடனே வேறு சில விஞ்ஞானிகள் மறுத்தார்கள். 'அதே புள்ளிவிவரத்தை நாங்களும் போட்டுப் பார்த்தோம். ஊர்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு மரத்துக்கு இல்லை. கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதுதான் முக்கியம்' என்றார்கள். சரசரவென்று கட்டுரையும் பதில் கட்டுரையுமாகப் பறந்தன. எனக்கு என்னவோ இந்தச் சண்டையில் ஜெயித்தது யார் என்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. காடு இருந்தால் ஊர் தானாகவே தள்ளித்தான் இருக்கும். காட்டை வெட்டினால்தானே முன்னால் வந்து வீடு கட்ட முடியும்?

அந்தத் தூரம்தான் இப்போதைய விவகாரம். 1981-ல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கெல்லாம் ஒரு கடிதம் எழுதினார். கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எழுப்பவிடாமல் கரையைக் காப்பாற்றுங்கள் என்று. அதிலிருந்து பிறந்ததுதான் 1991-ம் வருஷத்துக் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் எதுவும் கட்டக்கூடாது. 200-லிருந்து 500 மீட்டர் வரை அனுமதி வாங்கி ஹோட்டல் கட்டலாம். அதன் பிறகு திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். 2019 ஜனவரியில் வந்த புது அறிவிப்பில், மக்கள்தொகை நெருக்கமான கிராமப்புறக் கரைகளுக்கு 200 மீட்டர் என்பது 50 ஆகிவிட்டது. உப்பங்கழித் தீவுகளுக்கும் கரையை ஒட்டிய தீவுகளுக்கும் 20 மீட்டர். சாதாரண கல்யாண மண்டபத்தில் பந்திக்கும் மேடைக்கும் நடுவே இதைவிட அதிகத் தூரம் இருக்கும்!

சார்டீனியாக்காரன் சுனாமியைப் பார்க்காமலே 2 கிலோமீட்டர் என்றான். பார்த்த நாம் எண்ணைக் குறைத்துக்கொண்டே வருகிறோம்.

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி கேரளத்தில் இருக்கிறது. ஆலப்புழை ஜில்லாவில், வேம்பநாட்டுக் காயல் நடுவே நெடியதுருத்து என்று ஒரு தீவு. அதில் 54 வில்லாக்களோடு ஒரு சொகுசு விடுதி எழும்பியது. எங்கள் வலைகள் போய்விட்டன, காயலை ஆக்கிரமித்துவிட்டார்கள் என்று உள்ளூர் மீனவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2013-ல் ஹைகோர்ட் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. 2022 செப்டம்பரில் இடிக்க ஆரம்பித்தார்கள். விருந்தாளிகள் தங்கிக் களிப்பதற்காகக் கட்டிய வில்லாக்களை ஒவ்வொன்றாக உடைத்து, இடிபாடுகள் தண்ணீரில் விழாதபடி படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

பிச்சாவரத்துக்கு 2022-ல் 'ராம்சார்' அந்தஸ்து கிடைத்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பட்டம் அது. இனிமேல் கூட்டம் கூடும், விடுதிகளுக்கும் ஆசை வரும். தப்பு என்று சொல்ல மாட்டேன். சுற்றுலாத்துறையின் படகுத்துறை இருக்கிறது. துடுப்புப் படகில் போனால் குறுகலான வாய்க்கால்களுக்குள்ளும் நுழையலாம். உள்ளூர்ப் படகோட்டிகளுக்குப் பிழைப்பு. ராத்திரி சிதம்பரத்தில் தூங்கலாம். பதினைந்து கிலோமீட்டர்தான், கார்டன் ஹவுஸ் துரையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி!

ஆனால், 2019 அறிவிப்பில் இன்னொரு வரி இருக்கிறது. அலையாத்திக் காடு மாதிரியான, ரொம்ப ஜாக்கிரதையாகக் காக்க வேண்டிய இடங்களிலும், திட்டத்தில் சேர்த்துவிட்டால், நடைபாதை போடலாம். மரத்தின் மேல் குடிலும் கட்டலாம். இயற்கையோடு இணைந்த சுற்றுலாவாம். பிச்சாவரத்து மரங்கள் ஆலமரம் மாதிரி வளர்கிறவை அல்ல. குடிலைத் தாங்குகிற மரமாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். கான்ட்ராக்டர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, தில்லையில் மட்டும் ஆணி அடிக்காமல் இருந்தால் அவர் கண்ணுக்கு நல்லது.